ஹேண்டிலை உயர்த்திய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

தூரப் பயணம் போகிறவர்கள் பைக்கின் ஹேண்டிலை உயர்த்திக்கொள்வது இப்போது சர்வசாதாரணம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். குனிந்தபடியே ஓட்டிப் போனால் இறங்கும்போது முதுகு நிமிராது. ஆசை நியாயமானதுதான். ஆனால் உயரமான ஹேண்டில் போட்ட பைக் எங்கள் கராஜுக்குத் திரும்பி வரும்போது, கோளாறு பெரும்பாலும் ஹேண்டிலில் இருப்பதில்லை. அதில் தொங்கும் கேபிள், பிரேக் ஹோஸ், வயர் எல்லாம் பழைய நீளத்திலேயே நிற்கின்றன. ஹேண்டில் மட்டும் மேலே போய்விட்டது.

உங்கள் பைக்கில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். மேலே உள்ளதைப் பார்க்காமல் கீழே உள்ளதை வாங்க வேண்டாம்.

## இன்னும் வாங்கவில்லையா?

அப்படியானால் பாதி வேலை மிச்சம். முதலில் வேனியரால் ஹேண்டில் குழாயின் தடிப்பைக் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். சாதாரண பைக்குகளில் 22 மி.மீ.; தடித்த ஹேண்டில் என்றால் 28.6 மி.மீ.; சில குரூஸர் வகைகளில் 25.4 மி.மீ. பல்சர் 220 மாதிரி முன் ஷொக்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்) தனித்தனியாகக் கவ்வும் இரட்டை ஹேண்டில் உள்ள பைக்கில், ஒற்றைக் குழாய் ஹேண்டில் போட மேல் தட்டையே மாற்ற வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு.

பிறகு இந்தச் சோதனை. கிளாம்பைக் கழற்றிப் பழைய ஹேண்டிலை மெதுவாகத் தூக்கி, நீங்கள் உயர்த்த நினைக்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அடியில் வைத்துப் பட்டியால் கட்டுங்கள். முன் சக்கரம் நிலத்தைத் தொடாதபடி ஜாக்கியில் தூக்குங்கள். இப்போது இடம் வலம் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கேபிள் நாண் போல இழுபடுகிறது, எது தளர்வாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்பதைவிட இந்தக் கட்டை சரியான பதில் சொல்லும்.

30 மி.மீ. உயரத்துக்குப் பல பைக்குகளில் கேபிளின் பாதையை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு மேல் போனால் கேபிளுக்கும் ஹோஸுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், தூரப் பயணத்துக்கு 30 முதல் 40 மி.மீ. உயரமும், ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் வளைவும் போதும். எருமைக் கொம்பு மாதிரி நிற்கும் ஹேண்டில் படம் எடுக்க நல்லது.

## ஹேண்டிலைத் திருப்பும்போது எஞ்சின் தானாகக் கத்துகிறது

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) வந்து, "தம்பி, ஹேண்டில திருப்பினா எஞ்சின் தன்னால கத்துது, ஜின்னு புடிச்ச மாதிரி" என்றார். ஜின்னும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமும் இல்லை. மஹியங்கனை தாண்டிக் கண்டிக்கு ஏறும் 18 வளைவில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும் நேரம் பைக் தானாகப் பாய்ந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த அறிகுறி இருக்கும்வரை பைக்கை வீதிக்கு எடுக்க வேண்டாம்.

சோதனை: பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓட விடுங்கள். கையை அக்சிலேட்டரில் வைக்காமல், ஹேண்டிலின் நடுவைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் கடைசிவரை, பிறகு மறுபக்கம் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் கொஞ்சமும் மாறக்கூடாது.

ஒரு பக்கம் மட்டும் கூடுகிறது என்றால் கேபிளின் பாதைதான் முதல் சந்தேகம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாருங்கள். கேபிளைச் சட்டத்தோடு சேர்த்து யாராவது கேபிள் டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு மீண்டும் சோதியுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் கேபிளை ஷொக்குக்கு முன்னால் போகாமல் பின்னால் போகும்படி, அல்லது சட்டத்தின் மறுபக்கமாக, குறுக்குப் பாதையில் விட்டுப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் கூடுகிறது என்றால் கேபிளில் தளர்வே இல்லை. அக்சிலேட்டர் பிடியை விரலால் லேசாகத் திருப்பினால், கம்பி இழுபடத் தொடங்கும் முன் 2 முதல் 3 மி.மீ. சும்மா ஆட வேண்டும். ஆடாவிட்டால் கேபிளின் அஜஸ்டரை உள்ளே திருகித் தளர்த்துங்கள். பூட்டு நட்டை இறுக்க மறக்க வேண்டாம். அதை விட்டால் அதிர்வில் மறுபடி கழன்றுவிடும்.

அஜஸ்டர் முடியும்வரை திருகியும் தீரவில்லை என்றால் கேபிள் குட்டை. நீளமானது வாங்கித்தான் ஆக வேண்டும். போவதற்கும் வருவதற்கும் இரண்டு கேபிள் உள்ள பைக் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். அளவுக்குக் கேபிள் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிளச்சுக்கு அது பரவாயில்லை. அக்சிலேட்டருக்கு மட்டும் தொழிற்சாலையில் செய்து வந்த கேபிளையே தேடுவேன். நுனியில் ஈயக் குண்டு சரியாகப் பிடிக்காமல் கழன்றால், கம்பி உறைக்குள் சிக்கி அக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடலாம்.

## அக்சிலேட்டரை விட்டாலும் திரும்பி வரவில்லை

இது மேலே சொன்னதற்குத் தம்பி. ஆனால் காரணம் பெரும்பாலும் எளிது. கிரிப்பின் நுனி, ஹேண்டில் முனையில் உள்ள பாரக் குண்டில் உரசும். நடுவில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசல் இல்லையென்றால் சுவிட்ச் பெட்டியின் இரண்டு ஸ்குரூவையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன ஊசி இருக்கும். அது ஹேண்டிலில் உள்ள துளையில் உட்கார வேண்டும். புது ஹேண்டிலில் துளை இல்லாமலே பெட்டியை மூடி இறுக்கினால், பெட்டி கோணலாக நின்று பிடியை அமுக்கும். சிலர் அந்த ஊசியை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு பெட்டியே அக்சிலேட்டரோடு சேர்ந்து சுழலும். வேண்டாம். லீவர்களின் இடம் முடிவான பிறகு அடையாளம் இட்டு, ஊசியின் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடக்கூடாது.

## கிளச் கோளாறு

லீவர் கனமாக இருக்கிறது: கேபிள் எங்கோ ஒடிந்து வளைகிறது. லீவருக்குக் கீழே முதல் ஒரு சாண் தூரத்தைப் பாருங்கள். ஹேண்டில் உயர்ந்ததும் வளைவு அங்கேதான் கூர்மையாகும். பாதையைச் சரிசெய்து, மேல் நுனியால் எண்ணெய் விடுங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, பைக் ஏறவில்லை: லீவரின் நுனி 10 முதல் 20 மி.மீ. சும்மா ஆட வேண்டும். நேராக வைத்துப் பார்த்தால் ஆடும், முழுதாகத் திருப்பினால் ஆடாது. அதனால் மூன்று நிலையிலும் பாருங்கள். தளர்வு போய்விட்டால் கிளச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் சாமான் கட்டிக்கொண்டு அப்படி ஏறினால், உள்ளே தட்டுகள் கருகும். தளர்வைச் சரிசெய்த பிறகும் வழுக்கினால் தட்டுகள் போய்விட்டன. எஞ்சின் பக்கத்தைத் திறக்க வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நியூட்ரல் விழவில்லை, கியர் போடும்போது 'டக்' என்று குதிக்கிறது: தளர்வு அளவுக்கு மேல். நீளக் கேபிள் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். அஜஸ்டரை வெளியே திருகுங்கள். மேல் அஜஸ்டர் போதாவிட்டால் எஞ்சின் பக்கம் உள்ளதையும்.

## முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது

ஹோஸ் மாற்றியிருந்தால் காற்று. மாற்றவில்லை, ஆனாலும் இப்படி என்றால் முதலில் பிரேக் ஒயில் டப்பா சரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். உயர ஹேண்டிலில் லீவரைக் கைக்கு வசதியாகச் சுழற்றும்போது டப்பாவும் சரிந்துவிடும். ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் அடியில் உள்ள துளை வழியாகக் காற்று உள்ளே போகும். பைக் நேராக நிற்க, ஹேண்டில் நேராக இருக்க, டப்பா மட்டமாக இருக்க வேண்டும்.

காற்று எடுக்கும் முறை பலருக்குத் தெரியும்: லீவரை அமுக்கிப் பிடி, கீழே சக்கரப் பக்கம் உள்ள நிப்பிளை (காற்று வெளியேற்றும் திருகு) கால் சுற்றுத் திற, மூடு, பிறகு லீவரை விடு. டப்பா வறளவே கூடாது. இவ்வளவும் சரியாகச் செய்தும் லீவர் மெத்தென்றே இருக்கிறது என்று வருகிறார்கள். காரணம், காற்று கீழே இல்லை. ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரோடு (லீவர் அமுக்கும் சிலிண்டர்) சேரும் மேல் வளைவில், எல்லாவற்றிலும் உயரமான இடத்தில், குந்திக்கொண்டிருக்கிறது. கீழ் நிப்பிளை எத்தனை தடவை திறந்தாலும் அது இறங்கி வராது.

டப்பாவின் மூடியைக் கழற்றுங்கள். டாங்கியின் மேல் ஈரத் துணி விரித்துவிடுங்கள். பிரேக் ஒயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். இப்போது லீவரை ஒரு விரலால் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் அசைத்து அசைத்து விடுங்கள். முழுதாக அமுக்கினால் ஒயில் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். டப்பாவின் அடியில் உள்ள ஊசித் துளையையே பாருங்கள். கடுகளவு குமிழி ஒன்று வரும், பிறகு இன்னொன்று. ஹோஸைக் கீழிருந்து மேலாக ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். குமிழி நின்றதும் லீவர் கல் மாதிரி ஆகும். கடைசியில் கொஞ்சம் மீதம் இருந்தால், லீவரைப் பட்டியால் இறுக்கிக் கட்டி இரவு முழுதும் விடுங்கள். காலையில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஒயில் மூடியில் எழுதியிருக்கும் வகைதான், பெரும்பாலும் டொட் 4. மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தலை ஊற்ற வேண்டாம். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். நமது கரையோர ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

ஹோஸ் இணைப்பில் ஒயில் கசிகிறது: பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். இணைப்பைக் கழற்றினால் இரண்டு பக்கமும் புது வாஷர். விலை சில்லறைதான்.

ஹோஸ் இழுபடுகிறது: முன் சக்கரம் நிலத்தில் இருக்கும்போது இது தெரியாது. சக்கரத்தைத் தூக்கி, ஷொக் முழுதாக இறங்கி நிற்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். இழுபட்டால் அன்றைக்கே ஹோஸை மாற்றுங்கள். சட்டத்தில் பிடித்திருக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டு நீளம் கிடைத்தது என்று சமாளிப்பவர்கள் உண்டு. அந்த ஹோஸ் பிறகு டயரில் உரசும்.

எப்போது எங்களிடம்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக் என்றால் ஹோஸ் வேலையைத் தொடங்கும் முன்பே. அதன் பெட்டிக்குள் காற்றுச் சிக்கினால் எடுப்பதற்குச் சில மாடல்களுக்குக் கம்பனியின் கருவி வேண்டும். சாதாரண பிரேக்கிலும், முன்பு ஒருமுறையாவது யாரோடாவது நின்று காற்று எடுத்துப் பழகாதவர் தனியாக இறங்க வேண்டாம்.

## திருப்பும்போது ஹோர்ன் அடிக்கிறது, சிக்னல் நிற்கிறது, எஞ்சின் அணைகிறது

வயர் இழுபடுகிறது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள பிளக்கைப் பாருங்கள், பாதி கழன்றிருக்கும். டைகளை வெட்டித் தளர்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

தளர்வு கொடுத்தும் விட்டு விட்டு வந்தால், வெளியுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். சாவியைப் போட்டு, சந்தேகமான வயரை விரலால் அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டு போங்கள். எங்கே லைட் மினுங்குகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றுவது கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடற்கரைப் பக்கம் நிற்கும் பைக்குக்கு நிலைக்காது. உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். வயரை நீட்டும்போது ஒவ்வொன்றின் ஒட்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய பியூஸ் போடாமல் எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

## ஹேண்டில் கிளாம்புக்குள் சுழல்கிறது

வேகத்தடையில் இறங்கும்போது ஹேண்டில் முன்னே சாய்ந்தால் அன்றே நிறுத்துங்கள்.

முதலில் துடையுங்கள். கிளாம்பின் உட்பக்கத்தில் கிரீஸ், பெயின்ட் எதுவும் இருக்கக்கூடாது. ஹேண்டிலின் சொரசொரப்பான பகுதி சரியாகக் கிளாம்புக்குள் உட்கார வேண்டும். கிளாம்பின் மேல்மூடியில் புள்ளி அடையாளம் இருந்தால், பல பைக்குகளில் அது முன்பக்கம் வர வேண்டும். முன் போல்ட்டை முதலில் முழுதாக இறுக்கி, பின் போல்ட்டைப் பிறகு. இடைவெளி பின்னால் மட்டும் இருக்கும். அடையாளம் இல்லாவிட்டால் முன்னும் பின்னும் சம இடைவெளி. 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் பைக்கின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான்.

அப்புறம் அளவு. 25.4 கிளாம்பில் 22 ஹேண்டிலைத் தகரத் துண்டு சுற்றிப் போட்டிருக்கிறார்களா? தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அளவான புஷ் அல்லது கிளாம்ப் வாங்குங்கள்.

ரைசர் (ஹேண்டிலை உயர்த்த அடியில் வைக்கும் துண்டு) போட்டவர்கள் போல்ட்டைக் கவனியுங்கள். ரைசர் 30 மி.மீ. என்றால் போல்ட்டும் அவ்வளவு நீள வேண்டும். 8 மி.மீ. போல்ட் அலுமினிய மரைக்குள் குறைந்தது 12 மி.மீ. போயிருக்க வேண்டும். துருப்பிடிக்காது என்று ஹார்ட்வெயார் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குகிறார்கள். கடற்கரை ஊரில் அந்த ஆசை புரிகிறது. ஆனால் சாதாரண ஸ்டெயின்லெஸ், தலையில் 8.8 என்று அடித்த இரும்பு போல்ட்டைவிட மெலிவானது. இந்த இடத்துக்கு 8.8 தான். துருவுக்குப் பயமானால் இறுக்கிய பிறகு தலையில் கிரீஸ் தடவிவிடுங்கள்.

மரை அறுந்திருந்தால் லேத் கடை. ஹேண்டிலிலோ ரைசரிலோ மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வெல்டிங் வேண்டாம், புதிது வாங்குங்கள். அந்தப் பேச்சில் சமரசம் இல்லை.

## வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறது

கச்சான் காற்றுக் காலத்தில் அக்கரைப்பற்று தாண்டிக் கோமாரிப் பக்கம் ஏ4 வீதியில் போனால் காற்று மேற்கிலிருந்து விலாவில் அடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சே பாய்மரம். அந்தக் காற்றை உங்கள் கை ஹேண்டிலுக்குக் கொடுக்கிறது. ஆகவே முதல் சோதனை உங்களில்: கையைத் தளர்த்தி, முழங்காலால் டாங்கியைப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைந்தால் பைக்கில் பிழை இல்லை.

குறையாவிட்டால் இந்த வரிசை. டயர் காற்று, குளிர்ந்த நிலையில், கையேட்டு அளவுக்கு. பிறகு பின்பெட்டியில் உள்ள பாரம்: ஹேண்டில் உயர்ந்ததும் உங்கள் உடல் பாரம் பின்னே போய்விட்டது, அதற்கு மேல் பெட்டியும் நிறைந்தால் முன் சக்கரம் லேசாகும். கனமானதைப் பெட்டியிலிருந்து எடுத்து சீட்டுக்குப் பக்கத்தில், கீழே கட்டுங்கள். அகலமான ஹேண்டிலும் ஒரு காரணம். இரண்டு முனையிலும் 2 சென்டிமீட்டர் வெட்டினால் பலருக்குப் போதும். வெட்டுமுன் லீவரும் சுவிட்சும் கிரிப்பும் உட்கார இடம் மீதியாகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாகக் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பெயரிங். முன் சக்கரத்தைத் தூக்கி, ஷொக்கின் கீழ்நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'கொடக்' என்றால் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுவது போல் நின்றால் தேய்ந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை. கோன் செட் மாற்றுவது கராஜ் வேலை.

## கடைசிவரை திருப்பினால் டாங்கியில் இடிக்கிறது, பூட்டும் விழவில்லை

ஹேண்டிலைக் கிளாம்பில் கொஞ்சம் முன்னே சுழற்றுங்கள். போதாவிட்டால் குட்டையான ரைசர் ஒன்று அடியில். இன்னும் இடித்தால் அந்த ஹேண்டிலின் வளைவு உங்கள் பைக்குக்கு அதிகம், மாற்றுங்கள். ஹேண்டிலுக்கும் டாங்கிக்கும் நடுவே பெருவிரல் நசுங்காத இடம் இருக்க வேண்டும்.

## ஓட்டுபவருக்கு வலி

விரல் மரத்துப் போகிறது: பிரேக், கிளச் லீவர்களின் சரிவைப் பாருங்கள். உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடிந்தால் லீவரைக் கீழே இறக்குங்கள். பழைய ஹேண்டிலின் பாரக் குண்டுகளைப் போடாமல் விட்டிருந்தால் அதிர்வு கூடும், போடுங்கள்.

தோள் வலிக்கிறது: ஹேண்டில் அளவுக்கு மேல் உயரம். கை தோள் மட்டத்துக்கு வந்தால் இரத்தம் இறங்கும், கை கனக்கும். ரைசரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

முன்பு கை வலித்தது, இப்போது இடுப்பு வலிக்கிறது: நேராக நிமிர்ந்ததும் குழியில் விழும் அடியெல்லாம் முதுகெலும்புக்கு நேரே போகிறது. ஹேண்டிலைச் சற்று முன்னே சுழற்றி, உடம்பு கொஞ்சம் முன்சாய வையுங்கள். அதற்கும் குறையாவிட்டால் அடுத்த செலவு சீட் மெத்தைக்கு, ஹேண்டிலுக்கு அல்ல. வலி ஓட்டாத நாளிலும் இருந்தால் டாக்டரிடம்.

## கண்ணாடி நடுங்குகிறது

கண்ணாடித் தண்டின் நட்டை இறுக்குங்கள். போகாவிட்டால் ஹேண்டில் முனைப் பாரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் போகாத நடுக்கம் சில எஞ்சின்களோடு கூடப் பிறந்தது. குட்டைத் தண்டுள்ள கண்ணாடி வாங்கினால் கொஞ்சம் குறையும்.